லிக்லைடர் என்னும் பேரறிஞர்

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் கண்ணாற் காணாமலே உயிரொத்த நட்பினராய் விளங்கினர் என்பது தமிழ் பயில்வார் யாவரும் அறிந்த செய்தியாம். சோழன் உறையூரில் இருந்தான். ஆந்தையார் பாண்டி நாட்டுப் பிசிர் என்னும் ஊரில் இருந்தார். இடையே காடும் ஆறும் நாட்டெல்லையும் கிடந்தன. ஆயினும் உள்ளத்தை உள்ளம் அறிந்தது. இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் நாம் வியப்பெய்துகின்றோம். எனினும், சிறிது நின்று எண்ணிப் பார்ப்போமாயின், அந்நட்பிலும் ஒரு குறை இருந்தமை புலப்படும். இருவரும் அன்பு செய்தனர். ஆனால் இருவருங் கூடி ஒரு தொழிலைச் செய்தற்கு அவர்கட்கு வழியில்லை. ஒரு சுவடியை இருவரும் ஒருங்கே நோக்கவும், ஒருவர் விரல் வைத்துக் காட்டும் அடியை மற்றவர் அப்பொழுதே காணவும் அவர்களால் இயலாது. அன்பு செய்தற்கு நினைவு போதும். கூடி உழைத்தற்கோ இருவர் கண்முன்னும் ஒரே பொருள் நிற்றல் வேண்டும்.

இந்நாளில் அக்குறை சிறிது சிறிதாகத் தீர்ந்து வருகின்றது. வெவ்வேறு நாடுகளில் இருக்கும் இரண்டு மருத்துவர்கள் கண்களை மூடும் ஒரு கருவியை அணிந்துகொண்டு, எங்கும் இல்லாத ஓர் அறையில் எதிரெதிரே நின்று, ஓர் இதயத்தின் உருவத்தைத் திருப்பித் திருப்பி ஆராய்தல் கூடும். இவ்விடத்தை மெய்ந்நிகர் உலகம் என்பர். அங்கே ஒருவர் கை நீட்டினால் மற்றவர் எவ்வாறு அறிவது? ஒரு பொருளை இருவர் ஒருங்கே பற்றினால் யார் கை மேற்செல்வது? இத்தகைய வினாக்களுக்கு விடை காண்பதே ஒரு தனிக் கலையாக வளர்ந்துள்ளது. அக்கலைக்கு வேர் தேடிச் செல்வார், கருவி செய்தார் ஒருவரையன்றி, மனித மனத்தை ஆராய்ந்தார் ஒருவரைச் சென்றடைவர். அவரே ஜே. சி. ஆர். லிக்லைடர் என்னும் அமெரிக்க அறிஞர். அவர் மறைந்து முப்பது ஆண்டுகட்கு மேலாயினும், அவர் எழுப்பிய வினாவொன்று எங்கள் தருமபுரிச் சீமையின் சிற்றூர்களில் இன்றும் விடையின்றி நிற்கின்றது. அதனாலேயே அவர் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

அவ்வினாவை யான் முதன்முதல் அறிந்தது ஏட்டிலன்று. 2020-ஆம் ஆண்டில் கொள்ளை நோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்ட காலத்தில், யான் அரூர் வட்டத்தில் ஒரு சிற்றூரில் இருந்தேன். வீட்டில் இருந்த கைப்பேசி ஒன்றே. அதனைத் தந்தையார் வேலைக்குச் செல்லாத வேளையில் வாங்கி, அடையாளம் கிடைக்கும் மேட்டிற்குச் சென்று அமர்ந்து பாடங் கேட்பேன். ஆசிரியரின் குரல் வந்தது. இடையிடையே அறுந்தும் வந்தது. ஆயின் அவர், இதோ இந்த அடியைப் பாருங்கள் என்று சொல்லும்போதெல்லாம் எந்த அடி என்பது எனக்கு விளங்கவில்லை. குரல் வந்ததேயன்றி அவர் விரல் வரவில்லை. யான் ஐயம் கேட்கவோ, என் ஏட்டை அவர்க்குக் காட்டவோ வழியில்லை. பின்னர் லிக்லைடரின் வரலாற்றைக் கற்றபோது, அந்த மேட்டில் யான் உணர்ந்த குறையையே அவர் தம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தார் என்று கண்டு வியந்தேன்.

பிறப்பும் கல்வியும்

லிக்லைடர் 1915-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிசூரி மாகாணத்துச் செயிண்ட் லூயி நகரில் பிறந்தார். இவர்தம் தந்தையார் பாப்டிஸ்டு சபையின் போதகர். பெற்றோர்க்கு இவர் ஒரே மைந்தர். இளமையிலேயே கைவேலையில் மிக்க விருப்பமுடையவராய், ஆகாய விமானங்களின் சிற்றுருக்களைச் செய்து மகிழ்ந்தார். பழைய மோட்டார் வண்டிகளைக் கழற்றி ஆராய்ந்து மீண்டும் பூட்டுவது இவர்க்குப் பெருவிளையாட்டாயிருந்தது. ஒரு பொருளை அறிய வேண்டுமாயின் அதனைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும் என்னும் இயல்பு முதுமை வரையில் இவரை விட்டகலவில்லை.

வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில் சேர்ந்த இவர், ஒரு துறையோடு மனம் அமையாதவராய், பௌதிகம், கணிதம், உளநூல் என்னும் மூன்றையும் ஒருங்கே பயின்று 1937-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டில் உளநூலில் முதுகலைப் பட்டமும், 1942-இல் ரோச்செஸ்டர் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். செவியிற் புகும் ஒலி மூளையின் எப்பகுதியில் எவ்வாறு உணரப்படுகின்றது என்பதே இவருடைய ஆராய்ச்சி. ஒரு துறையையே ஆழத் தோண்டுவார் உளர். பல துறைகட்கும் இடையே வழி வெட்டுவாரும் உளர். லிக்லைடர் இரண்டாம் வகையினர். யந்திரத்தை அறிந்தவர் மனத்தை அறியாமலும், மனத்தை அறிந்தவர் யந்திரத்தை அறியாமலும் இருந்த காலத்தில், இரண்டையும் அறிந்த இவர்க்கு மட்டும் ஒரு புதிய வழி தோன்றியது இதனாலேயாம்.

இரைச்சலில் ஒரு குரல்

இரண்டாம் உலகப்போர் நிகழ்ந்த நாட்களில் லிக்லைடர் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் ஒலி உளநூல் ஆய்வுக்கூடத்தில் பணியேற்றார். போர் விமானங்களின் பொறிகள் எழுப்பும் பேரிரைச்சலில், விமானிகள் வானொலி வழியே பேசும் சொற்கள் விளங்காமற் போயின. ஒரு சொல் விளங்காமையால் உயிர்கள் மாய்தல் கூடும். லிக்லைடர் இதனை ஆராய்ந்து, பேச்சில் உயிரெழுத்துக்களின் ஓசை வலிதாயும் மெய்யெழுத்துக்களின் ஓசை மெலிதாயும் இருத்தலையும், சொல்லின் பொருளை விளக்குவன பெரும்பாலும் அம்மெலிந்த ஓசைகளே என்பதையும் கருத்திற் கொண்டார். ஆகவே ஒலியலையின் உயர்ந்த முகடுகளை வெட்டிவிட்டு, எஞ்சியதை ஒருசேர உயர்த்தினால், குரல் கரகரப்பாயினும் சொல் தெளிவாகும் என்று கண்டார். தமிழ் மாணவராகிய நாம் உயிரென்றும் மெய்யென்றும் இலக்கணத்தில் ஓதுகின்றோம். அவ்விரண்டின் வன்மை மென்மைகளை அறிந்து ஓர் அறிஞர் வானத்துப் பேச்சைத் தெளிவித்தார் என்பது நமக்கு இனிய செய்தியன்றோ?

1948-இல் அவர் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியும் குறிப்பிடத்தக்கது. மனிதனுக்கு இரண்டு செவிகள் இருப்பதனாற் பெரும் பயன் விளைகின்றது. பேச்சொலியும் இரைச்சலும் இரு செவிகளையும் வந்தடையும் முறை வேறுபடுமாயின், மனம் இரைச்சலினின்று பேச்சை எளிதிற் பிரித்தெடுக்கும் என்று அவர் சோதித்துக் காட்டினார். திருவிழாக் கூட்டத்தில் நம் பெயரை ஒருவர் அழைத்தால் நாம் திரும்பிப் பார்ப்பதற்கு இது துணை செய்கின்றது. மெய்ந்நிகர் அறைகளை அமைப்போர் ஒவ்வொருவர் குரலையும் அவரவர் நிற்கும் திசையிலிருந்தே வருமாறு செய்கின்றனர். அவ்வாறு செய்யாவிடின் நால்வர் பேசும்போது சந்தை இரைச்சலாய்விடும்.

எல்லாரும் நோக்கிய ஒரு வானம்

1950-இல் லிக்லைடர் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் சேர்ந்தார். இதனை எம்.ஐ.டி. என்பர். அக்காலத்தில் அமெரிக்கர்கள், ருஷிய விமானங்கள் வட திசையினின்று வந்து குண்டு வீசுமோ என்று அஞ்சியிருந்தனர். அதனைத் தடுத்தற்பொருட்டு சேஜ் என்னும் பெரியதோர் அமைப்பு உருவாகியது. பல நூறு மைல் தொலைவிலுள்ள ராடார் நிலையங்கள் தாம் கண்டவற்றைத் தொலைபேசிக் கம்பி வழியே ஒரு கணிப்பொறிக்கு அனுப்பும். அப்பொறி அவற்றை ஒன்றுசேர்த்துத் திரைகளிற் புள்ளிகளாகக் காட்டும். திரைமுன் அமர்ந்தவர் ஒளித் துப்பாக்கி என்னும் கருவியை ஒரு புள்ளியின்மேல் வைத்தால், எப்புள்ளியைக் குறித்தார் என்பதைப் பொறி உணரும். அவ்வமைப்பு 1958 முதல் பணியாற்றத் தொடங்கியது.

அதனை உருவாக்கும் ஆலோசனைகளில், மனிதர் திரையை எவ்வாறு காண்பர், எவ்வாறு களைப்புறுவர், எவ்வாறு பிழை செய்வர் என்பவற்றை ஆராயும் உளநூலாராக லிக்லைடர் பங்கு கொண்டார். பலர் பல திரைகளில் ஒரே வானத்தைக் கண்டனர். அவ்வானம் கண்ணாற் காணும் வானமன்று. எண்களாற் சமைத்த வானம். பலர் கூடி உழைக்கும் மெய்ந்நிகர் இடத்தின் கருவை ஈண்டுக் காணலாம். அது போரச்சத்திற் பிறந்தது என்பதையும் மறைத்தல் கூடாது. ஆயினும் லிக்லைடர் அதனினின்று எடுத்துக்கொண்டது வேறு பாடம். குண்டுக்கு அஞ்சிக் கூடி நோக்கும் மனிதர், அறிவை விரும்பியும் கூடி நோக்கலாகாதோ என்று அவர் எண்ணலானார்.

அத்தியும் அத்திக் குளவியும்

1957-ஆம் ஆண்டின் வேனிற் காலத்தில் லிக்லைடர் விந்தையானதொரு சோதனை செய்தார். தாம் சிந்திப்பதாகக் கருதும் நேரத்தில் உண்மையில் யாது செய்கின்றார் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தார். முடிவைக் கண்டு அவரே நாணினார். நூற்றில் 85 பங்கு நேரம், தேடுவதிலும் கணக்கிடுவதிலும் படம் வரைவதிலும், பிறரைக் கேட்டறிவதிலும் கழிந்திருந்தது. ஒருமுறை பேச்சுத் தெளிவைப் பற்றிய ஆறு சோதனைகளின் முடிவுகளை ஒப்பிட விரும்பினார். ஒவ்வொருவரும் வெவ்வேறு வகையில் அளந்திருந்தமையால் அவற்றை ஒரே அளவிற்குக் கொண்டுவரப் பல மணி நேரம் சென்றது. கொண்டுவந்த பின்னர் ஒப்பிட்டு முடிவு காணச் சில நொடிகளே தேவைப்பட்டன. நாமும் ஒரு சொல்லின் பொருளைத் தேடி நிகண்டும் அகராதியும் புரட்டிய நேரத்தையும், அதனை எண்ணிப் பார்த்த நேரத்தையும் குறித்து வைப்போமாயின், நம் நாணமும் சிறிதாயிராது.

அவ்வாண்டில் அவர் பி.பி.என். என்னும் ஆராய்ச்சி நிறுவனத்திற் சேர்ந்து, அங்கே பி.டி.பி-1 என்னும் கணிப்பொறியில் தம் கையாலேயே வேலை செய்யலானார். அக்காலத்துக் கணிப்பொறிகள் பெரும்பாலும் கோயிற் கருவறை போன்றவை. கேட்போர் துளையிட்ட அட்டைகளை வாயிலிற் கொடுத்துவிட்டுச் செல்லல் வேண்டும். விடை மறுநாள் வரும். கேட்டவுடன் விடை கூறி, விடை கண்டவுடன் மறுபடியும் கேட்கவிடும் பொறியை அறிந்த லிக்லைடர், அதுவே வழி என்று துணிந்தார்.

1960-இல் மனிதனும் கணிப்பொறியும் கூடி வாழ்தல் என்னும் பொருள்பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் அவர் எடுத்தாண்ட உவமை நமக்கு அயலானதன்று. அத்தி மரத்தின் பூக்கள் காயினுள்ளே மறைந்திருக்கும். ஒரு சிறு குளவி உட்புகுந்து மகரந்தம் சேர்த்தாலன்றி அம்மரம் விதை கொள்ளாது. அக்குளவியின் குஞ்சுகட்கோ அந்தக் காயையன்றி வேறு வீடில்லை. நாமோ அத்தியைப் பிட்டால் சொத்தை என்று பழமொழி சொல்லி எறிந்துவிடுகின்றோம். லிக்லைடர் அப்பூச்சியினிடத்தே ஓர் உறவைக் கண்டார். நோக்கத்தை வகுத்தலும் வினா எழுப்புதலும் மனிதன் தொழில். தேடலும் கணக்கிடலும் பொறியின் தொழில். இரண்டும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்தல் வேண்டும் என்பதே அவர் கருத்து.

பொருளை ஈந்த புலவர்

1962-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் லிக்லைடர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையைச் சார்ந்த ஆர்ப்பா என்னும் உயர் ஆராய்ச்சி அமைப்பில், கணிப்பொறி ஆராய்ச்சிக்குப் பொருளுதவி வழங்கும் அலுவலகத்திற்குத் தலைவரானார். இரண்டே ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். அவ்விரண்டாண்டுகளில் அவர் விதைத்தவை எண்ணில. எம்.ஐ.டி.யில் ஒரு கணிப்பொறியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் பெருந்திட்டம் 1963-இல் அவர் உதவியாற் பிறந்தது. கலிபோர்னியாவில் பலரும் பொருட்படுத்தாதிருந்த டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் பொறியியலாரின் ஆராய்ச்சிக்கும் அவர் உதவினார். பரிசில் வாழ்நராகிய புலவர் வரலாறுகளையே படித்த நமக்கு, புலவரே வள்ளலாகி இருந்த இவர் வரலாறு புதுமையாகத் தோன்றுகின்றது. தகுதியறிந்து கொடுத்தான் அதியமான் என்று எங்கள் தகடூரைப் பாடினர் சான்றோர். லிக்லைடரும் தகுதியறிந்து கொடுத்தார். ஆனால் தம் பொருளையன்று, நாட்டின் பொருளை.

இவ்வாறு உதவி பெற்றவர் பலர். அவர்தம் பொறிகளும் பல. ஒரு பொறியின் மொழி மற்றொன்றிற்கு விளங்காது. இதனைக் கண்ட லிக்லைடர் 1963 ஏப்ரல் 23-ஆம் நாள் அவர்கட்கெல்லாம் ஒரு சுற்றுக்கடிதம் விடுத்தார். அதில் அவர்களை அண்டங்களுக்கிடையேயுள்ள கணிப்பொறி வலையின் உறுப்பினர் என்று வேடிக்கையாக விளித்தார். ஒரு மொழியும் பொதுவாக இல்லாத இரு உலகத்தார் சந்தித்தால், முதலில் உரையாடத் தொடங்குவது எங்ஙனம் என்பதே அதில் அவர் எழுப்பிய வினா. அவர்க்குப்பின் அப்பதவியில் ஐவன் சதர்லாண்டும், பின்னர் ராபர்ட் டெய்லரும் அமர்ந்தனர். அக்கனவே 1969 அக்டோபர் 29-இல் லாஸ் ஏஞ்செல்ஸ் பல்கலைக் கழகப் பொறி ஒன்று ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையப் பொறிக்கு முதற்செய்தி அனுப்பியபோது நனவாயிற்று. இரண்டு எழுத்துக்கள் சென்றவுடன் அமைப்புச் செயலிழந்தது என்பதும், சிறிது நேரத்தில் மீண்டும் முயன்று வென்றனர் என்பதும் வரலாறு.

ஒரே திரையும் பல கைகளும்

1968 ஏப்ரலில் லிக்லைடரும் டெய்லரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். லிக்லைடரின் வாழ்வில் இதுவே மணிமுடி என்று கூறலாம். பேசுதல் என்பது ஒருவர் அனுப்பும் செய்தியை மற்றவர் பெறுதல் மட்டுமன்று என்று அவர்கள் விளக்கினர். ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு பொருளைப் பற்றிய உருவம் உண்டு. இருவர் உருவங்களும் வேறுபட்டிருக்கும்வரை சொற்கள் வீணாகும். அவ்வுருவத்தை மனத்தினின்று வெளியே கொணர்ந்து, இருவரும் கண்டு, இருவரும் திருத்தி, இருவர்க்கும் பொதுவாக்குவதே உண்மையான பேச்சு. அதற்கு ஏற்ற கருவி கணிப்பொறி என்பது அவர்கள் துணிபு.

இதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு பழைய சான்று கூறுவேன். 1792 முதல் 1799 வரை பாரமகாலில் கர்னல் ரீடின் கீழ்ப் பணிபுரிந்த தாமஸ் மன்றோ, தருமபுரிப் பகுதியில் நிலங்களை அளந்து கணக்கேற்றும் பணியில் ஈடுபட்டார். வயல் ஓரிடத்தில் இருக்கும். வழக்கைத் தீர்ப்பவர் வேறிடத்தில் இருப்பார். வயலின் அளவும் எல்லையும் ஏட்டில் ஏறியபின், இருவரும் அவ்வேட்டை நோக்கி வழக்காடுதல் இயலும். ஏடு இருவர்க்கும் பொதுவான உருவமாயிற்று. ஆயின் அவ்வேட்டைப் படிக்க இயலாத உழவன் என் செய்வான்? படித்துச் சொல்லும் கணக்கப்பிள்ளையின் வாயையே அவன் நம்பி நின்றான். இதனை நினைவிற் கொள்க. மீண்டும் இவ்விடத்திற்கு வருவோம்.

அக்கட்டுரையில் தாம் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தை அவர்கள் விவரித்துள்ளனர். எங்கல்பார்ட்டின் ஆய்வுக்கூடத்தில் மேசைகள் சதுரமாக இடப்பட்டிருந்தன. பக்கத்திற்கு ஐவர் அமர்ந்தனர். நடுவே ஆறு திரைகள். வேறிடத்திலிருந்த கணிப்பொறியின் எழுத்துக்கள் அத்திரைகளில் தோன்றின. மேசைமேல் சுண்டெலி என்று பெயரிட்ட சிறு கருவிகள் இருந்தன. அருகிலுள்ள சுண்டெலியை யார் அசைத்தாலும், திரையில் ஒரு குறி அசைந்து, அவர் சுட்டும் இடத்தை எல்லார்க்கும் காட்டியது. ஒருவர் கூறுவதில் ஐயம் எழுந்தால், அவர் கருத்திற்கு ஆதாரமான விவரங்களை அப்பொழுதே திரையில் வரவழைக்கலாம். ஒரு வாரத்தில் முடியும் வேலை இரண்டு நாளில் முடிந்தது என்று அவர்கள் எழுதினர். யான் மேட்டில் அமர்ந்து தேடிய விரல் அதுவே. ஒருவர் கை மட்டும் சுட்டும் கூட்டமன்று அது. ஒவ்வொருவர்க்கும் ஒரு விரல் இருந்தது.

அவ்வாண்டு டிசம்பர் 9-ஆம் நாள் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஆயிரவர் கூடிய அவையில் இன்னும் ஒரு படி மேற்சென்றார். ஏறக்குறைய முப்பது மைல் தொலைவிலிருந்த தம் தோழர் ஒருவரோடு ஒரே எழுத்துப் பக்கத்தை நோக்கியவாறே பேசினார். திரையின் ஒரு பகுதியில் தோழரின் முகம் தெரிந்தது; இருவருடைய சுட்டுக் குறிகளும் அதே பக்கத்தில் அசைந்தன. அவ்வாண்டிலேயே சதர்லாண்டு, தலையில் அணிந்து நோக்கினால் கம்பியாலானவை போன்ற உருவங்கள் அறையில் மிதப்பதாகத் தோன்றும் கருவியைக் காட்டினார். கூரையினின்று தொங்கிய அக்கருவி இன்றைய மெய்ந்நிகர்க் கண்ணாடிகட்கு முன்னோடியாம். சதர்லாண்டின் கண்ணும் எங்கல்பார்ட்டின் விரலும் பின்னாளில் ஒன்று சேர்ந்தன. அவ்விரண்டிற்கும் பின்னே நின்ற மனம் பெரிதும் லிக்லைடருடையது.

இயல்பும் இறுதியும்

லிக்லைடர் பெருமிதம் அறியாதவர். மாணவரும் தோழரும் தம்மை லிக் என்று சுருக்கி அழைப்பதையே விரும்பினார். 1945-இல் லூயிஸ் என்னும் பெண்மணியை மணந்து, ஒரு மகனையும் ஒரு மகளையும் பெற்றார். 1965-இல் எதிர்கால நூலகங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1968 முதல் சில ஆண்டுகள் எம்.ஐ.டி.யின் பெருந்திட்டத்திற்குத் தலைவராயும், 1974-இல் மீண்டும் ஆர்ப்பாவின் அலுவலகத் தலைவராயும் பணிபுரிந்தார். 1979-இல் எம்.ஐ.டி.யைச் சார்ந்தோர் சிலர் இன்போகாம் என்னும் நிறுவனத்தைத் தொடங்கியபோது அதன் நிறுவனர்களில் ஒருவரானார். படமின்றிச் சொல்லாலேயே குகைகளையும் மாளிகைகளையும் அமைத்து, அவற்றினுள் படிப்போரை உலவச் செய்த விளையாட்டுக்களை அது வெளியிட்டது. வெறுஞ் சொல்லே ஓர் உலகமாதல் கூடும் என்பதைத் தமிழ் மாணவர்க்கு யான் விளக்க வேண்டுவதில்லை.

இவர்பாற் குறை காண்போரும் உளர். இவர் வழங்கிய பொருள் படைத்துறையினின்று வந்தமையால், வியட்நாம் போர்க்காலத்தில் அத்தகைய ஆராய்ச்சிகளை மாணவர் பலர் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பை முற்றும் தவறென்று தள்ளுதல் அரிது. ஆயினும் இவர் தொடங்கிவைத்த ஆராய்ச்சிகள் படைக்கொட்டிலோடு நின்றுவிடவில்லை. கல்விச் சாலைகட்கும் வீடுகட்கும் பரவின. நம் நாட்டில் 1986-இல் தொடங்கிய எர்நெட் என்னும் கல்வி வலையில் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கு கொண்டது. 1995 ஆகஸ்டு 15 முதல் இணையம் இந்தியப் பொதுமக்கட்கும் திறக்கப்பட்டது.

1985-இல் ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்ற லிக்லைடர், 1990 ஜூன் 26-ஆம் நாள் மாசச்சூசெட்ஸ் மாகாணத்து ஆர்லிங்டன் நகரில், தம் 75-ஆம் வயதில் காலமானார். வையமெங்கும் வலை விரிந்ததையும், மெய்ந்நிகர் அறைகளில் மாந்தர் கூடுவதையும் காண அவர் இருக்கவில்லை.

அவர் விடுத்த வினா

நண்பர்களே, 1968-ஆம் ஆண்டுக் கட்டுரையின் இறுதியில் லிக்லைடரும் டெய்லரும் கூறிய இரண்டு கருத்துக்களைச் சொல்லி இவ்வரலாற்றை முடிப்பேன். அண்மையில் இருப்பதனாலன்றிக் கருத்து ஒத்திருப்பதனாலேயே மக்கள் இனித் தம் தோழரைத் தேர்ந்துகொள்வர். அதனால் மகிழ்ச்சி பெருகும் என்பது ஒன்று. ஆந்தையார்க்கும் சோழனுக்கும் அரிதின் வாய்த்தது இனி எல்லார்க்கும் எளிதின் வாய்க்கும் என்பதே அதன் பொருள். மற்றொன்று எச்சரிக்கை. இவ்வலையில் இடம்பெறுதல் எல்லார்க்கும் உரிய உரிமையாகாமல் சிலர்க்கே உரிய சலுகையாகுமாயின், மக்களிடையே உள்ள ஏற்றத்தாழ்வு இன்னும் பெருகும் என்று அவர்கள் அஞ்சினர்.

அவ்வச்சம் வீணன்று என்பதற்குச் சான்று தேடி நான் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 2020-இல் நகரத்து மாணவர் பலர் ஆசிரியரின் முகத்தையும் எழுத்தையும் கண்டு வினாவி விடை பெற்றனர். எங்கள் ஊரில் சிலர் கல்வித் தொலைக்காட்சியைக் கண்டனர். அதில் விரல் இருந்தது, ஆனால் நாம் திரும்பக் கேட்க வழியில்லை. சிலர் என்போல் அறுந்த குரலைக் கேட்டனர். சிலர்க்கு அதுவும் இல்லை. என்னோடு படித்த ஒருவன் அவ்வாண்டில் ஆடு மேய்க்கச் சென்றவன் மீண்டும் பள்ளிக்குத் திரும்பவேயில்லை. மன்றோவின் ஏட்டைப் படிக்க இயலாத உழவனின் நிலையும் அவன் நிலையும் ஒன்றே. பொதுவான உருவம் இருந்தது. அதன்மேல் விரல் வைக்க அவனுக்கு மட்டும் இடமில்லை.

இன்று நம் கல்லூரி மாணவர் விடுமுறைக் காலத்தில் கைப்பேசி வழியே கூடிப் பாடம் படிக்கின்றோம். அக்கூட்டங்களில் பெரும்பாலும் ஒருவரே பேசுகின்றார்; மற்றவர் ஒலியை அடைத்துக்கொண்டு கேட்கின்றனர். லிக்லைடரின் அளவுகோலால் அளந்தால் அது கூடி உழைத்தலாகாது. ஒரே ஏட்டை எல்லாரும் திறந்து, எல்லாரும் திருத்தி, யார் எங்கே விரல் வைத்தாலும் எல்லாரும் காணும்படி செய்தல் இப்பொழுது அரிதன்று. அடையாளம் கிட்டாத ஊரில் இருக்கும் தோழனுக்காக நேரத்தை மாற்றிக்கொள்ளுதலும், கருவியில்லாதவனுக்குக் கருவியைப் பகிர்தலும் அதனினும் அரிதல்ல. பெரிய பொறிகளைப் படைக்கும் வாய்ப்பு நம்மிற் சிலர்க்கே வரலாம். நம் கூட்டத்தில் எவனுடைய விரல் காணப்படவில்லை என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தலோ எல்லார்க்கும் இயலும்.